கன்சோல் கேம் பிசிக்கு வருகிறது: உங்கள் மெஷின் தாங்குமா? முழுமையான வழிகாட்டி

ஒரு கன்சோல் கேம் பிசிக்கு வரப்போகிறது என்று அறிவிப்பு வந்ததும் நாம் முதலில் தேடிப்போவது, அதை ஓட்ட என்ன வன்பொருள் வேண்டும் என்று சொல்லும் அந்தச் சின்ன அட்டவணையைத்தான். மினிமம் ஒரு பத்தி, ரெகமண்டட் ஒரு பத்தி. நம் கிராபிக்ஸ் கார்டின் பெயர் அதில் இருந்தால் நிம்மதி, இல்லாவிட்டால் முகம் தொங்கிவிடும். இரண்டுமே அவசரம். பெயர் இருந்தும் திக்கித் திணறியவர்கள் உண்டு. பெயர் இல்லாமலே ஜம்மென்று விளையாடி முடித்தவர்களும் உண்டு.

என் அனுபவத்தில், போர்ட் ஆகி (கன்சோலிலிருந்து பிசிக்கு மாற்றி எழுதப்பட்டு) வரும் கேமுக்கு அந்தக் கன்சோலேதான் உண்மையான ஸ்பெக். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். அதில் கேம் எத்தனை எஃப்பிஎஸ்-ல் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது படம்) ஓடுகிறது என்பதும் தெரியும். அங்கே தொடங்கி நம் மெஷினை நோக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தால், அட்டவணை சொல்லாமல் விட்டதும் பிடிபடும்.

படி 1: எந்தத் தலைமுறைக் கன்சோலுக்குச் செய்தது?

2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4-க்குள் இருந்தது 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடும் 8 ஜாகுவார் கோர்கள். மலிவு லேப்டாப்புக்கும் டேப்லெட்டுக்கும் ஏஎம்டி செய்த கோர் அது. கிராபிக்ஸ் வேகம் 1.84 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு இத்தனை லட்சம் கோடி கணக்கு), மெமரி மொத்தமே 8 ஜிபி, அதோடு ஒரு ஹார்ட் டிஸ்க். இதில் ஓடுவதற்காகச் செதுக்கிய கேமுக்குப் பிசியில் பெரிய படை தேவையில்லை. 2022 ஜனவரியில் பிசிக்கு வந்த காட் ஆஃப் வார் மினிமமாகக் கேட்டது 2011-ஆம் ஆண்டின் ஐ5-2500கே பிராசசரையும் ஜிடிஎக்ஸ் 960 கார்டையும்தான்.

2020 நவம்பரில் வந்த தலைமுறையில் கதை மாறியது. பிளேஸ்டேஷன் 5-ல் 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் 8 கோர்கள் (ஏஎம்டியின் ஜென் 2 ரகம்), 10.28 டெராஃப்ளாப்ஸ் கிராபிக்ஸ், 16 ஜிபி ஜிடிடிஆர்6 மெமரி, நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும் எஸ்எஸ்டி. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-ல் 12 டெராஃப்ளாப்ஸுக்குச் சற்று மேல், மெமரி அதே 16 ஜிபி. இந்த இரண்டுக்காக மட்டும் செய்த கேம் என்றால் பழைய மெஷினில் கை வைக்கும் முன் யோசிக்க வேண்டும்.

பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் வந்த கேமா? அதைப் பழைய தலைமுறைக் கணக்கில் வையுங்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-லும் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது 10 ஜிபி மெமரியும் 4 டெராஃப்ளாப்ஸும் கொண்ட சின்னப் பெட்டி. அதில் ஓடவைக்க டெவலப்பர்கள் ஏற்கெனவே வியர்வை சிந்தியிருப்பார்கள். சின்னக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த வேலையின் பலன் பெரும்பாலும் வந்து சேரும்.

கன்சோலைப் பிசி மொழியில் பெயர்த்துப் பார்க்க ஒரு தோராயக் கணக்கு: பிளேஸ்டேஷன் 5-ன் கிராபிக்ஸில் 36 கம்ப்யூட் யூனிட்கள் (சிப்புக்குள் கணக்குப் போடும் பிரிவுகள்). ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6700 கார்டிலும் (எக்ஸ்டி இல்லாதது) அதே ஆர்டிஎன்ஏ 2 சிப் குடும்பம், அதே 36. என்விடியா பக்கம் ஆர்டிஎக்ஸ் 2070 சூப்பர் பக்கத்தில் வரும். பிராசசருக்கு ஒப்பு ரைசன் 7 3700எக்ஸ். டெஸ்க்டாப் சிப்பில் கேஷ் மெமரி அதிகம் என்பதால் அது ஒரு படி மேலேயே நிற்கும்.

படி 2: அட்டவணையை வரி வரியாகப் படியுங்கள்

ரெகமண்டட் என்ற சொல்லுக்கு உலகப் பொதுவான அர்த்தம் எதுவும் கிடையாது. ஒரு கேமில் அது 1080பி (திரை உயரத்தில் 1080 புள்ளி வரிசை), 60 எஃப்பிஎஸ், ஹை செட்டிங்ஸ். இன்னொன்றில் 30 எஃப்பிஎஸ். சிலவற்றில் எதுவுமே சொல்லாமல் கார்டு பெயரை மட்டும் போட்டுவிடுவார்கள். ஆகவே கார்டின் பெயருக்கு முன் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: எந்த ரெசல்யூஷன், எத்தனை எஃப்பிஎஸ், எந்த செட்டிங்ஸ், அப்ஸ்கேலிங் உண்டா இல்லையா.

கடைசியில் சொன்னதுதான் இப்போது வலை விரிக்கும் இடம். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், எக்ஸ்இஎஸ்எஸ் மூன்றும் சின்ன ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுபவை. அட்டவணையில் “1080பி, பெர்ஃபாமன்ஸ் மோட்” என்று இருந்தால் உள்ளே உண்மையில் வரைவது 540பி. குவாலிட்டி மோட் என்றால் 720பி. 4கே திரையில் இந்தத் தந்திரம் அற்புதமாக இருக்கும். 1080பி திரையில் பெர்ஃபாமன்ஸ் மோட் போட்டால் தலைமுடியும் இலைகளும் ஈரத்தில் ஊறிய காகிதம் போலத் தெரியும்.

ஃப்ரேம் ஜெனரேஷன் இன்னும் ஒரு படி மேலே. 2025-ல் வந்த மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் ரெகமண்டட் பத்தியில் சொன்ன 60 எஃப்பிஎஸ், ஃப்ரேம் ஜெனரேஷனைச் சேர்த்துத்தான். அதாவது இரண்டு உண்மை ஃப்ரேம்களுக்கு நடுவே ஒன்றைக் கற்பனையாகச் செருகிக் கிடைக்கும் 60. கண்ணுக்கு அது வழுக்கும். ஆனால் பட்டனை அழுத்தினால் ஆள் திரும்புவது பழைய வேகத்தில்தான். ஏற்கெனவே 60 ஓடும் மெஷினில் அதை 100-க்கு மேல் கொண்டுபோக இது நல்ல வசதி. 30-ஐ 60 என்று கணக்குக் காட்ட இதைப் பயன்படுத்துவதை நான் ஏற்பதில்லை. அட்டவணையில் அப்படி இருந்தால் எஃப்பிஎஸ்-ஐப் பாதியாக்கிப் படியுங்கள்.

பெயர்களிலும் பொறி உண்டு. ஐ7-4770-ஐ விட ஐ3-12100 ஏறக்குறைய இரு மடங்கு கெட்டி. இரண்டிலும் 4 கோர், 8 திரெட் என்றாலும் நடுவில் எட்டு தலைமுறை இடைவெளி. ஐ7 என்றால் பெரியது, ஐ3 என்றால் சிறியது என்ற கணக்கு ஒரே தலைமுறைக்குள்தான் செல்லும். ஜிடிஎக்ஸ் 1060-ல் 3 ஜிபி ஒன்று, 6 ஜிபி ஒன்று. லேப்டாப்பில் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 4070-க்கு 8 ஜிபி வீடியோ மெமரி, டெஸ்க்டாப்பில் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 4070-க்கு 12 ஜிபி. அட்டவணைகள் பேசுவது டெஸ்க்டாப் கார்டைப் பற்றி. லேப்டாப்காரர்கள் ஒரு மாடல் கீழே இறக்கிப் படித்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

படி 3: உங்கள் மெஷினில் என்ன இருக்கிறது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போங்கள்.

சிபியு பகுதியில் பிராசசரின் முழுப்பெயரும் கோர் எண்ணிக்கையும் இருக்கும். ஜிபியு பகுதியில் டெடிகேட்டட் மெமரி என்று ஒரு வரி. அதுதான் உங்கள் நிஜமான வீடியோ மெமரி. பக்கத்தில் ஷேர்டு மெமரி என்று பெரிய எண் ஒன்று காட்டும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ராமிலிருந்து கடன் வாங்கும் இடம். கடன் வாங்கினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

மெமரி பகுதியில் வலது கீழே “ஸ்லாட்ஸ் யூஸ்டு” என்ற வரியைப் பாருங்கள். இரண்டு ஸ்லாட்டில் ஒன்று மட்டும் நிரம்பியிருந்தால், உங்கள் ராம் ஒற்றை மாட்டு வண்டியாக ஓடிக்கொண்டிருக்கிறது. டிடிஆர்4-3200 ராம் ஒற்றைச் சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி கொண்டுவரும். இரட்டைச் சேனலில் 51.2 ஜிபி. ஒரே 16 ஜிபி ஸ்டிக் போட்டு விற்கும் மெஷின்கள் ஏராளம். அதே வரிசையில் ஸ்பீட் என்று ஒன்றும் இருக்கும். 3200 என்று வாங்கிய ராம் அங்கே 2133 அல்லது 2400 என்று காட்டினால் பயாஸில் (மெஷின் துவங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பு இன்னும் அணைந்தே கிடக்கிறது. ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கும் வேகம் அது. நானே இரண்டு வருடம் அதைக் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறேன்.

இன்னொரு சோதனை, கார்டின் தகுதி. விண்டோஸில் டைரக்ட்எக்ஸ் 12 (கேம் கார்டோடு பேச உதவும் மென்பொருள்) இருக்கிறது என்பதால் உங்கள் கார்டு அதன் எல்லா வசதியையும் தாங்கும் என்று அர்த்தமில்லை. டைரக்ட்எக்ஸ் 12 அல்டிமேட் என்ற முழுத்தகுதி என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்தும், ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6000 வரிசையிலிருந்தும்தான் தொடங்குகிறது. இதைப் பொருட்படுத்தாத காலம் போய்விட்டது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், ரே டிரேசிங் (ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் இல்லாத கார்டை வாசலிலேயே நிறுத்திவிட்டது. மினிமமே ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். அதற்கு முந்தைய வருடம் ஆலன் வேக் 2, மெஷ் ஷேடர் (முப்பரிமாண வடிவங்களைக் கையாளும் புதிய முறை) வசதி இல்லாத ஜிடிஎக்ஸ் 10 வரிசையைப் படாதபாடு படுத்தியது. ஒரு காலத்தில் ராஜாவாக இருந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ-யும் அதில் அடக்கம். பிறகு ஒரு பேட்ச் (திருத்த அப்டேட்) வந்துதான் நிலைமை தேறியது.

பழைய பிராசசருக்கும் இப்படி ஒரு வாசல் உண்டு. ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பை இன்டெல் 2013-ன் ஹாஸ்வெல் தலைமுறையில்தான் சேர்த்தது. ஐ7-3770-ல் அது கிடையாது. அதைக் கட்டாயமாகக் கேட்கும் கேம் அந்த மெஷினில் திறக்கவே திறக்காது, எவ்வளவு நல்ல கார்டு போட்டாலும்.

படி 4: பிராசசர் கணக்கு

பலரும் கார்டைப் பார்த்துவிட்டுப் பிராசசரைக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். போர்ட்களில் கால் வாருவது பெரும்பாலும் இதுதான்.

கணக்கு எளிது. 30 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 33 மில்லி செகண்ட் அவகாசம். 60 என்றால் 16.7. பிளேஸ்டேஷன் 4-ல் 30 ஓடிய கேமை நம் டெஸ்க்டாப்பில் 60 ஓட்ட, அந்த ஜாகுவார் கோரை விட இரு மடங்கு வேகம் வேண்டும். கடந்த பத்து வருடத்தில் வந்த பெரும்பாலான டெஸ்க்டாப் பிராசசர்கள் அதை அலட்டாமல் தரும். பிசியில் எல்லாமே கன்சோலை விட நன்றாக ஓடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறியது அந்தக் காலத்தில்தான்.

இப்போது பிளேஸ்டேஷன் 5-ல், பிராசசர் பாரத்தால் 30-ல் நின்றுபோன ஒரு கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பது ஜென் 2. அதைப் பிசியில் 60 ஓட்ட வேண்டுமென்றால் ஜென் 2-வை விட ஏறக்குறைய இரு மடங்கு வேகம் வேண்டும். ரைசன் 5 3600-ம் அதே ஜென் 2 ரகம்தான். ஆக, அந்த மெஷினில் எவ்வளவு பெரிய கார்டைச் செருகினாலும் 40-ஐ ஒட்டியே நிற்கும்.

2024 மார்ச்சில் வந்த டிராகன்ஸ் டாக்மா 2 இதற்குப் பாடப்புத்தக உதாரணம். காட்டில், மலையில் எல்லாம் சரியாக ஓடும். ஊருக்குள் நுழைந்ததும், ஒவ்வொரு ஆளின் நடமாட்டத்தையும் பிராசசர் கணக்கிட வேண்டியிருப்பதால், எஃப்பிஎஸ் மளமளவென்று சரியும். கன்சோலிலும் அதே கதைதான்.

இதே நோயில் நானும் பட்டிருக்கிறேன். ஒரு கேமில் சந்தைத் தெருவுக்குள் போனால் 38 எஃப்பிஎஸ். கார்டுதான் பழசு என்று முடிவு கட்டிப் புதுக் கார்டு மாற்றினேன். அதே தெரு, அதே 38. ஆத்திரத்தில் ரெசல்யூஷனை 1440பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கினேன். படம் மங்கியது, மூலையில் இருந்த எண் அசையவில்லை. அந்தச் சோதனையைக் கார்டு வாங்கும் முன் செய்திருந்தால் செலவு மிஞ்சியிருக்கும். சந்தையில் கூட்டத்தைக் குறைக்கும் செட்டிங்கைத் தாழ்த்தியதும் 50-ஐத் தொட்டது.

எனவே கேமின் கன்சோல் பதிப்பு பெர்ஃபாமன்ஸ் மோடில் 60 தருகிறதா என்று முதலில் பாருங்கள். தருகிறது என்றால் 6 கோர் ரைசன் 5 3600 அளவு பிராசசர் கரை சேர்த்துவிடும். 30 மட்டும்தான் என்றால், ஏன் 30 என்று கேட்க வேண்டும். படத்தின் அழகுக்காகவா, பிராசசர் முட்டியதாலா? ரெசல்யூஷனைத் தாழ்த்தும் பெர்ஃபாமன்ஸ் மோடே கொடுக்காத கேம் என்றால் பெரும்பாலும் பிராசசர்தான் காரணம். ரே டிரேசிங்கும் பிராசசருக்குப் பாரம் ஏற்றும் என்பதை மறக்க வேண்டாம். மார்வெல்ஸ் ஸ்பைடர்-மேன் ரீமாஸ்டர்டில் ரே டிரேசிங் பிரதிபலிப்பைப் போட்டுக்கொண்டு நகரத்தில் வேகமாக ஆடிப் பறந்தால் கார்டுக்கு முன்னால் பிராசசர்தான் மூச்சு வாங்கும்.

படி 5: வீடியோ மெமரி

கன்சோலில் மெமரி ஒன்றுதான். பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே 16 ஜிபி-யைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு டெக்ஸ்ச்சரை (பொருட்களின் மேல் ஒட்டும் படம்) ஓரிடத்தில் வைத்தால் இருவரும் எடுத்துக்கொள்ளலாம். சீரிஸ் எக்ஸ்-ல் சிஸ்டத்துக்கு 2.5 ஜிபி போக, கேமுக்கு 13.5 ஜிபி கிடைக்கிறது. அதில் நொடிக்கு 560 ஜிபி ஓடும் வேகமான பகுதி மட்டும் 10 ஜிபி.

பிசியில் வீடு இரண்டு. எஸ்எஸ்டியிலிருந்து ராமுக்கு, ராமிலிருந்து, கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாக வீடியோ மெமரிக்கு. 16 ஜிபி ராமும் 8 ஜிபி கார்டும் சேர்த்தால் 24 ஜிபி, கன்சோலை விட அதிகம்தானே என்று தோன்றும். ஆனால் கிராபிக்ஸுக்கு வேண்டியது அந்த 8 ஜிபி வீட்டுக்குள் அடங்கியாக வேண்டும். அதிலும் விண்டோஸ், திறந்து வைத்த பிரவுசர், இரண்டாவது மானிட்டர் எல்லாம் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொள்ளும்.

அடங்காவிட்டால்? மிச்சம் ராமுக்குப் போகும். கார்டின் சொந்த மெமரி நொடிக்குச் சில நூறு ஜிபி ஓடும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0-ன் 16 லேன் பாதையே நொடிக்குச் சுமார் 32 ஜிபிதான், 3.0 என்றால் 16. நெடுஞ்சாலையிலிருந்து சந்துக்குள் வண்டி திரும்பியது போல ஆகிவிடும். சில மலிவுக் கார்டுகளில் சந்து இன்னும் குறுகல்: 4 ஜிபி மெமரி கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு இருப்பது வெறும் 4 லேன். 3.0 மதர்போர்டில் அதைச் செருகினால் நொடிக்கு 4 ஜிபி. பழைய போர்டு வைத்திருப்பவர்கள் அந்தக் கார்டைத் தொடாமல் இருப்பதே நல்லது.

வீடியோ மெமரி நிரம்பியதன் அறிகுறி தனி ரகம். முதல் பதினைந்து நிமிடம் எல்லாம் நலம். புதிய பகுதிக்குள் நுழைந்ததும் 60 சட்டென்று 20-க்கு விழும். சுவர்கள் களிமண் பூசியது போல மங்கி, சில நொடி கழித்துத் தெளியும். ரெசல்யூஷனைக் கொஞ்சம் குறைத்தாலும் சரியாகாது. கேமை மூடித் திறந்தால் மறுபடி பதினைந்து நிமிடம் நலம். இப்படி நடந்தால் மற்ற எதையும் தொடாமல் டெக்ஸ்ச்சர் செட்டிங்கை மட்டும் ஒரு படி இறக்குங்கள். அந்த ஒரு செட்டிங்குக்கு விசித்திரமான குணம்: மெமரி போதுமானவரை அல்ட்ராவில் வைத்தாலும் எஃப்பிஎஸ் குறையாது, போதாமல் போன நிமிடம் எல்லாமே சரியும்.

2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 பிசிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டுக்காரர்கள் அனுபவித்தது இதைத்தான். டெக்ஸ்ச்சரை இறக்கினால் பழைய தலைமுறைக் கேம் போல அசிங்கமாக இருந்தது, இறக்காவிட்டால் திக்கியது. அடுத்தடுத்து வந்த பேட்ச்கள் மீடியம் டெக்ஸ்ச்சரைக் கண்ணியமாக்கின. அந்த வருடம்தான் “8 ஜிபி போதுமா” என்ற சண்டை எல்லா இடத்திலும் வெடித்தது.

என் பதில்: பிளேஸ்டேஷன் 4 தலைமுறைக் கேமுக்கு 4 முதல் 6 ஜிபி. பிளேஸ்டேஷன் 5 தலைமுறைக்கு 1080பி-யில் 8 ஜிபி, டெக்ஸ்ச்சரில் விட்டுக்கொடுக்கும் மனதோடு. கன்சோலுக்கு இணையான டெக்ஸ்ச்சரை நெஞ்சில் பயமில்லாமல் போட 12 ஜிபி. வேகத்தில் பின்தங்கிய 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060, சில போர்ட்களில் 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ-ஐ விட நிம்மதியான அனுபவம் தருவது இதனால்தான்.

படி 6: ராம்

16 ஜிபி, இரண்டு ஸ்டிக்காக. புதிய தலைமுறை போர்ட்டுக்கு 32 இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகாது. 8 ஜிபி வைத்துக்கொண்டு புதிய தலைமுறைக் கேமை முயல வேண்டாம். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

படி 7: சேமிப்பு இடம்

பிளேஸ்டேஷன் 5-ன் எஸ்எஸ்டி வேகத்தைப் பார்த்துப் பயந்து, நொடிக்கு 7 ஜிபி ஓடும் விலையுயர்ந்த எஸ்எஸ்டி வாங்க ஓட வேண்டாம். எஸ்எஸ்டியின் பெருமையாகவே விளம்பரமான ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட், 2023 ஜூலையில் பிசிக்கு வந்தபோது மினிமம் பத்தியில் ஹார்ட் டிஸ்க்கையே அனுமதித்தது. திறக்கும் ஆனால் இழுக்கும் என்ற வகை அது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே, நொடிக்குச் சுமார் 550 எம்பி படிப்பது, பெரும்பாலான போர்ட்டுக்குப் போதும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதில் கிடைக்கும் வித்தியாசம், சாட்டாவிலிருந்து என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டிக்கு மாறுவதில் கிடைக்காது.

கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. கன்சோலில் கேம் கோப்புகளின் சுருக்கத்தை விரிக்கத் தனி வன்பொருள் உண்டு. அந்த வேலையைச் சாதாரணப் பிராசசர் செய்தால் 9 ஜென் 2 கோர்கள் வேண்டியிருக்கும் என்று பிளேஸ்டேஷன் 5-ன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச்சில் சொன்னார். பிசியில் பெரும்பாலும் அதைச் செய்வது உங்கள் பிராசசர்தான். ஓடிக்கொண்டே உலகத்தை ஏற்றும் கேமில் அவ்வப்போது வரும் திக்கலில் ஒரு பங்கு இதிலிருந்து வருகிறது. டைரக்ட்ஸ்டோரேஜ் வசதி கொண்ட கேம்களில் அந்தப் பாரத்தைக் கார்டு சுமக்கலாம். அத்தகைய கேம்கள் இன்னும் சொற்பமே.

ஜிபி அளவு பற்றி ஒரு வேடிக்கை. ஹெல்டைவர்ஸ் 2-ன் பிசி பதிப்பு 150 ஜிபி வரை வீங்கிக் கிடந்தது, கன்சோலை விடப் பல மடங்கு. ஹார்ட் டிஸ்க்காரர்களுக்கு வேகமாகத் திறக்க வேண்டுமே என்று ஒரே கோப்பைப் பல இடத்தில் நகல் எடுத்து வைத்திருந்தார்கள். 2025 கடைசியில் அந்த நகல்களை நீக்கியதும் 23 ஜிபி-க்கு இறங்கியது. அட்டவணையில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு 20 சதவீதம் காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். பேட்ச் இறங்கும்போது தற்காலிகமாக அதுவும் தேவைப்படும்.

படி 8: ஷேடர் தொல்லை

எந்த அட்டவணையிலும் இல்லாத, எந்தக் கார்டும் முழுதாகத் தீர்க்காத ஒன்று இது.

ஷேடர் என்பது ஒளி, நிழல், தோல், தண்ணீர் எப்படித் தெரிய வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் குட்டி நிரல். கன்சோலில் எல்லோர் வீட்டிலும் ஒரே சிப். எனவே ஷேடர்களை அந்தச் சிப்பின் மொழிக்கு மாற்றி, தயார் நிலையில் கேமோடு அனுப்பிவிடுகிறார்கள். பிசியில் நூற்றுக்கணக்கான கார்டுகள், ஒவ்வொன்றுக்கும் பல டிரைவர் பதிப்புகள். ஆகவே மாற்றும் வேலை உங்கள் மெஷினில், உங்கள் பிராசசரில் நடக்கிறது.

நல்ல போர்ட் இதை முதல் முறை திறக்கும்போதே செய்து முடிக்கும். மெனுவில் ஒரு சதவீதக் கணக்கு ஓடும். அந்த நேரத்தில் பிராசசர் 100 சதவீதம், மின்விசிறி விமானம் கிளம்புவது போலச் சத்தம். பொறுமையிழந்து பாதியில் விளையாட ஆரம்பித்துவிடாதீர்கள்; பாதியில் விட்டதன் பலனை விளையாடும்போது திக்கலாக அனுபவிப்பீர்கள். மோசமான போர்ட் இதை விளையாட்டின் நடுவிலேயே செய்யும். முதல் முறை தீப்பந்தம் எறிந்தால் ஒரு வெட்டு, முதல் முறை கதவு உடைந்தால் ஒரு வெட்டு. இரண்டாவது முறை அதே இடம் வெண்ணெயாக ஓடும். அப்படி இரண்டாம் முறை திக்கல் மறைந்தால் அது ஷேடர் திக்கல் என்று உறுதி. டிரைவர் அப்டேட் செய்தால் இந்த வேலை முழுதும் மறுபடி முதலிலிருந்து நடக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கேமின் நடுவே டிரைவரைத் தொடாதீர்கள்.

ஸ்டீம் டெக் என்ற கையடக்கப் பிசி வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு சலுகை. எல்லா டெக்கிலும் கிட்டத்தட்ட ஒரே கிராபிக்ஸ் என்பதால், கன்சோல் போலவே முன்கூட்டித் தயாரான ஷேடர்கள் கேமோடு வந்து இறங்குகின்றன.

படி 9: போர்ட்டின் ஜாதகம்

சில சிக்கல்களுக்கு வன்பொருளில் மருந்தே கிடையாது. 2012-ல் பிசிக்கு வந்த டார்க் சோல்ஸ், நீங்கள் எந்தக் கார்டு வைத்திருந்தாலும் உள்ளுக்குள் 720பி-யில் வரைந்தது, 30 எஃப்பிஎஸ்-ல் பூட்டியிருந்தது. ரசிகர்கள் அந்தப் பூட்டை உடைத்து 60 ஆக்கியபோது, ஏணியில் சறுக்கி இறங்கினால் சில சமயம் தரையைத் துளைத்துக்கொண்டு விழுந்தார்கள். கேமின் இயற்பியல் கணக்கையே 30-ஐ நம்பி எழுதியிருந்தார்கள். 2015 ஜூனில் வந்த பேட்மேன்: ஆர்க்கம் நைட் இன்னும் மோசம், பிசி பதிப்பின் விற்பனையையே நிறுத்திவிட்டு அக்டோபரில்தான் மறுபடி கொண்டுவந்தார்கள்.

எனவே கேமின் முதல் வாரத்தில் மூன்று விஷயம் தேடுங்கள். போர்ட் செய்தது எந்த ஸ்டுடியோ, அவர்களின் முந்தைய வேலை எப்படி? எஃப்பிஎஸ் பூட்டு உண்டா? உங்கள் கார்டிலேயே, இல்லாவிட்டால் அதற்கு ஒரு படி கீழே உள்ளதில் யாராவது ஓட்டிக் காட்டியிருக்கிறார்களா? காட்சியில் சராசரி எஃப்பிஎஸ்-ஐ மட்டும் பார்க்காதீர்கள். ஒரு சதவீதத் தாழ்வு (மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகம்) என்று பக்கத்தில் ஓடும் எண்தான் உண்மை பேசும். சராசரி 75, தாழ்வு 28 என்றால் அது திக்கும் கேம்.

மூன்று மாதம் பொறுத்து வாங்குவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. விலை இறங்கியிருக்கும், பேட்சும் வந்திருக்கும்.

படி 10: முதல் இரண்டு மணி நேரம்

ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தில் ஷேடர் தயாராகும் நேரமும் சேரும் என்பதால் காலத்தை வீணாக்காதீர்கள்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற கருவியில் எஃப்பிஎஸ், கார்டு பயன்பாடு, வீடியோ மெமரி மூன்றையும் திரை மூலையில் காட்டச் செய்யுங்கள். அறிமுகக் காட்சிகளை நம்பாதீர்கள். அவை குறுகிய அறைகளில்தான் நடக்கும். முதல் திறந்தவெளி, முதல் ஊர், மழையில் நடக்கும் முதல் சண்டை. சோதனைக்கான இடம் இவை.

அங்கே நின்று ரெசல்யூஷனை இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் தடை கார்டு. அப்ஸ்கேலிங் குவாலிட்டி மோட், நிழல், மூடுபனி இவற்றைத் தாழ்த்தினால் நிறைய மீட்கலாம். ஏறாமல் கார்டு பயன்பாடு 60, 70 சதவீதத்தில் நின்றால் தடை பிராசசர். கூட்டம், தொலைதூரப் பார்வை, ரே டிரேசிங் இவற்றைக் குறையுங்கள். எதைச் செய்தும் 60 நிற்காவிட்டால் 40-ல் பூட்டுங்கள், உங்கள் மானிட்டர் 120 ஹெர்ட்ஸ் என்றால். 48-க்கும் 60-க்கும் நடுவே ஊசலாடுவதை விட அசையாத 40 கண்ணுக்கு இதம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 40 சரியாகப் பொருந்தாது, 30-தான் கதி.

கன்ட்ரோலரில் விளையாடுபவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. பிளேஸ்டேஷன் 5-ன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸின் இறுகும் டிரிகர் வசதி பல போர்ட்களில் யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் மட்டுமே வேலை செய்யும்.

படி 11: எதை மாற்றுவது, எந்த வரிசையில்

ஹார்ட் டிஸ்க்கில் ஓட்டுபவர் முதலில் எஸ்எஸ்டி. ஒற்றை ராம் ஸ்டிக் என்றால் அதே ரகத்தில் இன்னொன்று. இந்த இரண்டும் குறைந்த செலவு, உடனே தெரியும் மாற்றம். அதற்குப் பிறகுதான் படி 10-ல் சொன்ன சோதனையின் விடை: தடை பிராசசரா, கார்டா? பிராசசர் என்றால், முதலில் உங்கள் மதர்போர்டின் சாக்கெட் (பிராசசரைப் பொருத்தும் இடம்) தாங்கும் புதிய சிப்பைத் தேடுங்கள். ஏஎம்4 சாக்கெட் போர்டில் ரைசன் 5 3600 வைத்திருப்பவர் பயாஸை அப்டேட் செய்து ரைசன் 7 5700எக்ஸ்3டி போட்டால், போர்டும் ராமும் அப்படியே இருக்க, இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

கார்டு என்றால் வீடியோ மெமரியை முதலிலும் மாடல் எண்ணை அடுத்தும் பாருங்கள். வாங்கும் முன் கேபினட்டின் பக்கவாட்டைக் கழற்றிவிட்டு, அளவு நாடாவால் முன் மின்விசிறி வரை எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே பவர் சப்ளையிலிருந்து வரும் 8 பின் கனெக்டர் எத்தனை, வாட்ஸ் எவ்வளவு என்று அதன் ஸ்டிக்கரையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.